உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு: ஒரு கிண்ணத்துக்காகப் போட்ட மூன்று சூளை

நான் பேக்கரி அடுப்புகளுக்கு சர்வீஸ் பார்ப்பவன். பன்னுக்கு அடியில் கரி பிடிக்கிறது, பர்னர் மஞ்சளாக எரிகிறது என்று கடைக்காரர் போன் செய்தால் போய், காற்று போகிற ஓட்டையில் அடைத்திருக்கும் மாவுத் தூசியைத் தட்டி, தீயை நீலமாக்கிவிட்டு வருவேன். கரி விழுந்தால் என் தொழிலில் அது கோளாறு. அதைப் போக்கத்தான் எனக்குக் கூலி. அப்படிப்பட்டவன் கீழடி அருங்காட்சியகத்தில் ஒரு கிண்ணத்தின் முன்னால் கால் கடுக்க நின்றேன். அதில் யாரோ வேண்டுமென்றே, அளந்து, கரி விழ வைத்திருந்தார்கள்.

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சாலையில் சிலைமானைத் தாண்டினால் கீழடி வந்துவிடும். மொத்தமே 12 கிலோமீட்டர்தான். 2023 மார்ச் 5 அன்று அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். பக்கத்திலேயே இருக்கிறதே, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று நினைத்தே போகாமல் இருந்தோம். வெளியூர்க்காரர்கள் வேன் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். இந்தப் பொங்கல் லீவில் மகள்தான் இழுத்துக்கொண்டு போனாள்.

கொந்தகையில் இரண்டு ஏக்கர் இடத்தில், செட்டிநாட்டு வீடு போலத் தூணும் முற்றமுமாகக் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கூடம். மட்கலங்களுக்கான கூடத்துக்கு ‘கலம் செய் கோ’ என்று பெயர். சங்கப் பாட்டில் குயவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ராஜாவுக்கும் கோ, குயவருக்கும் கோ. கேட்கவே நன்றாக இருந்தது.

மகளுக்கு முதலில் பிடித்தது பானை ஓட்டை உடைத்து, ஓரத்தைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகள். “அப்பா, இது நாங்க பாண்டி ஆடுற சில்லுதானே?” என்றாள். அதேதான். எனக்குக் கூரை ஓடுகள் பிடித்தன. ஈர மண்ணில் விரலை இழுத்த பள்ளங்கள் அப்படியே இருக்கின்றன. மழைத் தண்ணீர் வழிந்து ஓட அந்தப் பள்ளம், மரச்சட்டத்தில் கட்டிவைக்க மேல் பக்கம் துளை. யார் விரலோ, தடம் மட்டும் நிற்கிறது. உறைகிணற்றின் சுடுமண் வளையங்களைப் பார்த்து, இவ்வளவு பெரியதை வெடிக்காமல் எப்படிச் சுட்டார்கள் என்று அப்போது யோசித்தேனே தவிர, அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்று பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் அந்தக் கிண்ணம். வெளியே நல்ல செம்மண் சிவப்பு. உள்ளே முழுக்கக் கறுப்பு. அந்தக் கறுப்பு விளிம்போடு நிற்காமல் வெளிப்பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்கு இறங்கி, அங்கே மெல்லக் கலங்கிச் சிவப்பாகிறது. தூரிகையால் பூசியிருந்தால் ஓரம் தெரிந்திருக்கும். இங்கே ஓரமே இல்லை. சட்டிக்கு அடியில் புகை படிவதைத் தினமும் பார்க்கிறவனுக்கு, இது நெருப்பு செய்த வேலை என்று பார்த்ததுமே பட்டுவிட்டது.

தொல்லியல்காரர்கள் இதைக் கறுப்பு-சிவப்பு மட்கலம் என்கிறார்கள். கீழடியில் மட்டும் கிடைப்பதில்லை. ஆதிச்சநல்லூர், கொற்கை, கொடுமணல், பொருந்தல் என்று இரும்புக்காலமும் சங்ககாலமும் வாழ்ந்த ஊர்களில் தோண்டினால் வந்துகொண்டே இருக்கிறது. விஷயம் இதுதான்: நம் களிமண்ணில் இரும்பு உண்டு. சுடும்போது காற்று நன்றாகக் கிடைத்தால் அந்த இரும்பு துருவின் நிறத்துக்குப் போய்க் கலம் சிவக்கும். காற்றை அடைத்துப் புகையை மட்டும் விட்டால், கரி மண்ணின் நுண்துளைகளுக்குள் போய் உட்கார்ந்து கறுக்கும். ஆக, ஒரே கிண்ணத்துக்கு வெளியே காற்றும் உள்ளே புகையும் ஒரே நெருப்பில் வேண்டும். கலத்தை உமியிலோ மணலிலோ கவிழ்த்து ஒரே சூட்டில் இதைச் செய்தார்கள் என்று ஒரு கருத்து உண்டு. முதலில் முழுக்கச் சிவக்கச் சுட்டுவிட்டு, பிறகு கவிழ்த்துப் புகையூட்டினார்கள் என்று இன்னொரு கருத்து.

படிக்கும்போது இரண்டுமே சுலபமாகத் தெரிந்தன. நாமே செய்து பார்த்தால் என்ன என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. போன வருஷம் நான் வீட்டிலேயே ஐஸ்கிரீம் மெஷின் கட்டியதைப் பார்த்தவள்.

அதே சாலையில் இன்னும் முக்கால் மணி நேரம் போனால் மானாமதுரை. கடத்துக்குப் பேர்போன ஊர். அங்கே செய்யும் மட்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு பட்டறையில் போய் 15 கிலோ மண் வேண்டும் என்றேன். பெரியவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்னத்துக்கு தம்பி?”

சொன்னேன். செல்போனில் படத்தையும் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

“மொத்தமாக் கறுப்பு வேணும்னா மூடிப் போட்டு எடுத்துரலாம். மொத்தமாச் செவப்புன்னா அதுவும் சரி. நீங்க பாதிப்பாதியில்ல கேக்குறீங்க. எங்க சூளையில இப்படி ஒரு பக்கம் கறுத்து வந்தா அதைக் கழிச்சு ஓரமா வச்சுருவோம்.”

அவருக்கும் கரி கோளாறுதான் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

மண்ணைக் கொடுத்துவிட்டு இரண்டே யோசனை சொன்னார். மண்ணோடு கொஞ்சம் பொடி மணல் சேர்க்க வேண்டும். அப்புறம், நெருப்பில் வைக்கும் முன் கலத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஜில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். இரண்டையும் செய்யவில்லை.

வனைந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை. சக்கரம் எனக்கு வராது. கீழடிக் கலங்கள் சக்கரத்தில் வனைந்தவை. நான் செய்தது குறுக்கு வழி. எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து, ஈரத்துணி போர்த்தி, சப்பாத்தி போலத் தேய்த்த மண்ணை அதன்மேல் படியவைத்து அழுத்தினேன். கனம் 7 மில்லிமீட்டர். முதல் கிண்ணத்தை ராத்திரி முழுக்க அச்சிலேயே விட்டுவிட்டேன். மண் காயக் காயச் சுருங்கும், எவர்சில்வர் சுருங்குமா? காலையில் நடுவில் பிளந்து கிடந்தது. அதற்குப் பிறகு, மண் தன் வடிவத்தில் நிற்கிற அளவுக்கு இறுகியதும் அச்சைக் கழற்றிவிட்டேன். 15 சென்டிமீட்டர் வாய் வைத்தது காய்ந்தபின் 14 ஆனது.

கொஞ்சம் நேரம் எடுத்துச் செய்தது மெருகுதான். மண் செருப்புத் தோல் போல விறைக்கும் பதத்தில், வழவழப்பான கூழாங்கல்லை எடுத்து ஒரே திசையில் தேய்க்க வேண்டும். முந்தினால் மண் இழுபடும், பிந்தினால் தூசிதான் பறக்கும். சரியான பதத்தில் மாட்டினால் மேல்தோல் கண்ணாடி போலப் பளபளக்க ஆரம்பிக்கும். டிவி பார்த்துக்கொண்டே செய்யக்கூடிய வேலை. மாமியார் இரண்டு கிண்ணம் தேய்த்துக் கொடுத்தார். அவர் கைப்பட்டதுதான் இன்றைக்கும் அதிகம் மின்னுகிறது.

சிவப்பு தூக்கலாக வர மேலே காவிக் கரைசல் பூசலாம் என்று கோலத்துக்கு ஓரம் கட்டும் காவிப் பொட்டலம் ஒன்றை வாங்கிவந்தேன். அது வெறும் சாயம் ஏற்றிய பொடி. நெருப்பில் போனதும் சிவப்பெல்லாம் பறந்து சுண்ணாம்பு அடித்தது போல வெளிறிவிட்டது. அடுத்த தடவை காவிக்கல்லைக் கருங்கல்லில் உரசி எடுத்தேன். அதில் இருப்பது இரும்பு, நெருப்பில் போனாலும் எங்கேயும் போகாது.

இனி சூளைக்கு வருகிறேன்.

திருப்புவனம் பக்கம் மச்சானுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. “மாப்ள, மரத்துல தீ புடிச்சா அம்புட்டு இளநிக்கும் நீதான் காசு கட்டணும்” என்று சொல்லிவிட்டு, மரங்களை விட்டுத் தள்ளி ஒரு திடலைக் காட்டினார். முழங்கால் ஆழத்துக்குக் குழி. அடியில் நான்கு விரல் கனத்துக்கு உமி. அதன்மேல் ஐந்து கிண்ணங்களைக் கவிழ்த்தேன். சுற்றிலும் வரட்டி, மேலே வைக்கோல். ஒரே சூட்டில் கவிழ்த்துச் சுடுவது என்கிற முதல் கருத்தைத்தான் முதலில் பரிசோதிப்பதாகத் திட்டம். வேலைக்கு வைத்திருக்கும் வெப்பமானியின் கே டைப் தெர்மோகப்பிளையும், அதாவது சூட்டை உணர்கிற வயரையும், உள்ளே சொருகிவிட்டேன். சூடு தெரியாமல் நெருப்போடு வேலை பார்க்க என்னால் முடியாது.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பற்றவைத்தோம். இருபதாவது நிமிஷம் முதல் சத்தம். டப். பட்டாசு போல இல்லை, கனத்த புத்தகம் கீழே விழுந்தது போல. அப்புறம் இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. மீட்டர் அப்போது 200-ஐக்கூடத் தாண்டவில்லை. மண்ணுக்குள் மிச்சமிருந்த ஈரம் ஆவியாகி, வெளியே வர வழி இல்லாமல் கலத்தையே உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. நான்கு நாள்தான் காயவைத்திருந்தேன், அதுவும் தை மாதப் பனியின் ஈரம் விடாத நாட்களில். பெரியவர் சொன்ன மணலும் அதில் இல்லை. மணல் இருந்தால் ஆவி போக மண்ணில் சந்து கிடைத்திருக்கும். கன்னத்தில் வைத்துப் பார்க்க ஐந்து வினாடி ஆகியிருக்குமா?

இன்னும் கொஞ்ச நேரத்தில் மீட்டரில் எண்கள் தாறுமாறாக ஓடி அதுவும் நின்றது. நான் சொருகியது கண்ணாடி நார் சுற்றிய சாதாரண வயர். பேக்கரி அடுப்பு 300-ஐத் தாண்டாது என்பதால் இத்தனை வருஷமாக அதுவே போதுமானதாக இருந்தது. இங்கே உறை எரிந்து, கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. சூளைக்கு வேண்டியது உலோகக் குழாய் உறை போட்ட வகை. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

மறுநாள் காலை கிளறிப் பார்த்தால் இரண்டு கிண்ணம் பிழைத்திருந்தது. வெளியே திட்டுத் திட்டாகக் கறுப்பு. உள்ளே, எங்கே கறுக்க வேண்டுமோ அங்கே, வெளிறிய செம்பழுப்பு. நினைத்ததற்கு நேர் தலைகீழ்! காரணத்தை யோசிக்க இரண்டு நாள் பிடித்தது. உமி அடியில் கனன்று உள்ளே கறுக்கத்தான் செய்திருக்கும். ஆனால் ராத்திரியில் உமி முழுக்க எரிந்து சாம்பலாகி உட்கார்ந்ததும் விளிம்புக்கும் சாம்பலுக்கும் நடுவே சந்து விழுந்திருக்கிறது. கலம் இன்னும் சூடாக இருக்கும்போதே அந்தச் சந்து வழியாகக் காற்று புகுந்து, பிடித்த கரியை மறுபடி எரித்துவிட்டது. வெளியேயோ, வரட்டி விழுந்து ஒட்டிய இடத்திலெல்லாம் காற்று படாமல் கறுத்திருக்கிறது. கரி விழுவது பாதி வேலைதான், ஆறும்வரை அதைக் காப்பாற்றுவது மீதி.

பிழைத்த இரண்டில் ஒன்றுக்கு லேசான கீறல். புதிய மண்ணைக் குழைத்து அடைத்துப் பார்த்தேன். காய்ந்ததும் பொருக்காக உதிர்ந்தது. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்று ஊரே சொல்வதைச் சோதித்துப் பார்த்த ஆள் நானாகத்தான் இருப்பேன்.

உடைந்த துண்டுகளைத் தூக்கிப் போடவில்லை. ஒரு துண்டின் குறுக்கு வெட்டைப் பார்த்தால் வெளியே சிவப்பு, நடுவே கறுப்பு, மறுபடி உள்ளே சிவப்பு என்று மூன்று அடுக்கு. கறுப்பு அடை வைத்த சாண்ட்விச் மாதிரி. மண்ணிலேயே இருக்கிற வேர், இலை மக்கு போன்றவை நடுப்பகுதியில் எரிந்து முடிவதற்குள் சூடு தணிந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். அதாவது என் சூளை அவசரப்பட்டிருக்கிறது. இது பின்னால் எனக்கு ரொம்ப உதவியது.

இரண்டாவது சூளை, மூன்று வாரம் கழித்து. இந்த முறை நான்கு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மணல். வீட்டு வேலையில் மிஞ்சிய மணலைக் கொசுவலையில் சலித்தது. பத்து நாள் நிழலில், இரண்டு நாள் வெயிலில். நான்கு கிண்ணத்தையும் நான், மனைவி, மகள் என்று ஆளாளுக்குக் கன்னத்தில் வைத்துப் பார்த்தோம். பற்றவைத்த பிறகும் முதல் ஒரு மணி நேரம் தணலை ஓரத்திலேயே வைத்து, 120 டிகிரியில் நிறுத்திப் பிடித்தேன். ஒரு டப்கூடக் கேட்கவில்லை. அப்புறம் மெல்ல ஏற்றி, உச்சத்தில் 742 வந்தது. கிண்ணங்களின் வெளிப்புறம் அருமையான சிவப்பு.

உள்ளேயும் கறுப்பாகத்தான் இருந்தது. மகள் விரலால் தொட்டாள். விரல் கறுத்தது, கிண்ணம் வெளுத்தது. தோசைக்கல்லின் அடிக் கரி போல மேலே படிந்திருந்ததே ஒழிய மண்ணுக்குள் இறங்கவில்லை. உமியின் அளவைக் கூட்டி நன்றாக அமுக்கி வைத்திருந்தேன் அல்லவா, காற்று கொஞ்சமும் போகாமல் கிண்ணத்தின் உள்பக்கம் சூடே ஏறவில்லை. வெளியே 742 இருக்கும்போது உள்ளே பாதியாவது இருந்ததா என்பது சந்தேகம். கரி உள்ளே இறங்க வேண்டுமானால் கலமும் செக்கச்செவேல் என்று சூடாக இருக்க வேண்டும், புகையும் கெட்டியாக இருக்க வேண்டும், காற்றும் இருக்கக் கூடாது. ஒரே குழியில் மூன்றையும் நடத்த என் கை போதவில்லை. தெரிந்தவர்கள் செய்திருப்பார்கள். நான் இரண்டாவது வழிக்குப் போனேன்.

மூன்றாவது சூளைக்குப் பழைய செங்கல்லை அடுக்கி இடுப்பளவு வட்டச் சுவர் எழுப்பினேன். கீழே இரும்புக் கம்பி வலை, அதற்கடியில் விறகு, காற்றுக்கு நான்கு பக்கமும் ஓட்டை. விறகு சீமைக்கருவேலம்; அதற்கு நம் பக்கம் பஞ்சமே இல்லை. காற்று ஓட்டைகளை அளந்து வைத்தது மட்டும்தான் இந்த முழு வேலையில் என் தொழில் அனுபவம் உதவிய இடம். தீ சுத்தமாக எரிந்தது. 700-க்கு மேலே நாற்பது நிமிஷம் நிறுத்தினேன், நடுக்கறுப்பு எரிந்து தீரட்டும் என்று. உச்சம் 786. அதற்கு மேல் எவ்வளவு விறகு போட்டாலும் ஏறவில்லை. திறந்த சூளையில் போடுகிற சூடெல்லாம் மேலே போய்விடுகிறது.

இங்கேதான் ஒரு எண் என்னைத் தடுத்து நிறுத்தியது. கீழடி மட்கல மாதிரிகளை வேலூர் வி.ஐ.டி.யில் சோதித்திருக்கிறார்கள். சிவப்புக்குக் காரணம் ஹேமடைட் என்ற இரும்புத் தாது, கறுப்புக்குக் காரணம் கரி, சுட்ட சூடு 1100 டிகிரி என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-ல் வெளியிட்ட கீழடி அறிக்கை சொல்கிறது. முதலில் படித்தபோது சும்மா தாண்டிப் போன எண். பாதி நாள் வியர்வை ஊற்ற ஊற்ற விறகு தள்ளி 786-ல் முக்கிக்கொண்டு நின்றபோதுதான், மேலே இருக்கிற அந்த 300 டிகிரி எவ்வளவு தூரம் என்று புரிந்தது. அதற்கு மூடிய சூளை வேண்டும், விறகைத் தெரிந்து போடுகிற ஆள் வேண்டும், தலைமுறையாகக் கை பழகியிருக்க வேண்டும்.

அந்தி சாய்கிற நேரத்துக்குக் காத்திருந்தேன். வெயிலில் சூட்டின் நிறம் கண்ணுக்குத் தெரியாது. இருட்டத் தொடங்கியதும் கிண்ணங்கள் மங்கலாகச் செம்மை காட்டின, மீட்டரில் 650. பக்கத்துக் குழியில் உமியும் பொடித்த காய்ந்த தென்னோலையும் தயார். தோல் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, கையில் நீளக் கொறடு. மகளை இருபதடி தள்ளி நிறுத்தினோம். மச்சான் மண்வெட்டியோடு நின்றார். ஒவ்வொரு கிண்ணமாகத் தூக்கி உமியில் கவிழ்த்தேன். கவிழ்த்த கணத்தில் உமி குப்பென்று பற்றி, விளிம்பைச் சுற்றிப் புகை பீறிட்டது. உடனே மச்சான் விளிம்போரம் உமியை இரண்டு விரல் உயரத்துக்குத் தள்ளி, அதன்மேல் சாம்பலும் மணலுமாகப் போட்டு அடைத்தார். மேல் பாகம் மட்டும் காற்றில். நான்கு கிண்ணத்துக்கும் சேர்த்து மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் நான் சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் வரும் என்ற நிலைக்கு வந்திருந்தேன்.

இரண்டாவது கிண்ணம் கொறடில் இருக்கும்போதே டிக் என்று ஒரு சத்தம். காற்று பட்டு விரிசல். போகட்டும்.

பதினைந்து நிமிஷம் ஆனதும் பொறுமை இல்லாமல் மூன்றாவதை லேசாகத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே மை போலக் கறுப்பு! பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளிம்பிலிருந்து அது சாம்பல் நிறமாக வெளிற ஆரம்பித்தது. சட்டென்று கவிழ்த்துவிட்டேன். முதல் சூளையில் ராத்திரி என்ன நடந்தது என்று இரண்டு நாள் யோசித்ததைக் கண்ணால் பார்த்துவிட்டேன். “மாப்ள, சோறு வேகும்போது மூடியைத் திறந்து திறந்து பாக்குற ஆளு நீயி” என்றார் மச்சான். அதற்குப் பிறகு விடியும்வரை ஒன்றையும் தொடவில்லை.

காலையில் கணக்கு இது. ஒன்று விரிசல். ஒன்றின் விளிம்பு வெளிறல். ஒன்றில் ஒரு பக்கம் மட்டும் விளிம்போரம் பிறை போலச் சாம்பல் நிறம். ராத்திரி அந்தப் பக்கம் மணல் சரிந்து காற்று புகுந்திருக்கிறது. ஒன்று, ஒன்றே ஒன்று, நினைத்தபடி. வெளியே சிவப்பு, விளிம்பில் இரண்டு விரல் கறுப்பு, உள்ளே முழுக்கக் கறுப்பு, மெருகேற்றிய இடமெல்லாம் பளபளப்பு. விரலால் தேய்த்தேன், வேட்டி முனையால் தேய்த்தேன். ஒட்டவில்லை. மாமியார் மெருகு போட்டது அதுதான்.

விரிசல் கிண்ணத்தை உடைத்துக் குறுக்கு வெட்டைப் பார்த்தேன். உள்பக்கத்திலிருந்து ஏறக்குறைய பாதிக் கனம்வரை கறுப்பு, மீதி சிவப்பு. இரண்டாவது சூளையின் துண்டில் கறுப்பு நகக்கண் அளவுகூட இறங்கியிருக்கவில்லை. தண்ணீர் ஊற்றியும் பார்த்தேன். இரண்டாவது சூளைக் கிண்ணத்துக்குப் பத்து நிமிஷத்தில் வெளியே வேர்த்தது. இதற்கு ஒரு மணி நேரம் பிடித்தது. கீழடி ஓடுகளின் கறுப்பில் கார்பன் நானோகுழாய்கள், அதாவது கண்ணுக்கே தெரியாத நுண்ணிய கரிக் குழாய்கள், இருப்பதாக 2020-ல் ஓர் ஆய்வு வந்தது. இத்தனை நூற்றாண்டு மண்ணில் கிடந்தும் அந்தக் கறுப்பு உதிராமல் இருக்கிறது என்பதுதான் அதில் என்னைக் கவர்ந்த விஷயம். நம்முடையது இரண்டு மாதம் தாங்கியிருக்கிறது.

மகள் தன் பங்குக்கு ஒரு சோதனை செய்தாள். அருங்காட்சியகத்தில் பானை ஓடுகளில் கீறிய குறிகளும், தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்துகளும் நிறைய உண்டு. நாலாம் கட்ட அகழாய்வில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட குறியீட்டு ஓடுகளும், ஆதன், குவிரன் போன்ற பெயர்களோடு 56 எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்தன. அவள் தன் பெயரை இரண்டு முறை தமிழியில் எழுதினாள். ஒன்று ஈர மண்ணில் குச்சியால், இன்னொன்று சுட்ட கிண்ணத்தின் தோளில் ஆணியால். ஈரத்தில் எழுதியபோது கோட்டின் இரு பக்கமும் மண் வரப்பு போல ஒதுங்கி நின்றது. சுட்டபின் கீறியது மெருகுத் தோலைக் கிழித்து, உள்ளே இருக்கும் வெளிர் நிறத்தைக் காட்டியது. ஓரம் பொடியாக உடைந்திருந்தது. கை வலிக்கிறது என்று கடைசி எழுத்தைப் பாதியில் விட்டாள். ஓடுகளில் கையெழுத்து ஒன்றுபோல இல்லாததால், செய்தவர்கள் மட்டுமில்லாமல் வாங்கிப் பயன்படுத்தியவர்களும் எழுதியிருக்கிறார்கள் என்று அந்த 2019 கீழடி அறிக்கை சொல்கிறது. எங்கள் வீட்டில் பாத்திரக் கடையில் பெயர் வெட்டி வாங்குகிற வழக்கம் இன்னும் போகவில்லை. என் எவர்சில்வர் அச்சிலேயே மாமனார் பெயர் இருக்கிறது.

பங்குனியில் மறுபடி அருங்காட்சியகம் போனோம். இந்த முறை முழுக் கிண்ணங்களின் பக்கம் நான் அதிகம் நிற்கவில்லை. உடைந்த ஓடுகளின் ஓரங்களைத்தான் குனிந்து குனிந்து பார்த்தேன். கறுப்பு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, நடுவில் அடுக்கு இருக்கிறதா, எல்லை எங்கே கலங்குகிறது. பெரும்பாலும் சுத்தமான வேலை. ஒரே ஒரு ஓட்டில் மட்டும் விளிம்போரம் பிறை போல ஒரு சாம்பல் திட்டு. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்ததும் சிரித்துவிட்டாள். “அவங்க மச்சானும் மணலைச் சரியா அடைக்கலையா?”

திரும்பும்போது வீட்டுக்குப் போகாமல் நேரே மானாமதுரை. தேறிய அந்தக் கிண்ணத்தைப் பெரியவரிடம் நீட்டினேன். உள்ளே பார்த்தார், விளிம்பைத் தடவினார், வெளிச்சத்தில் திருப்பினார். பிறகு காதோரம் வைத்து ஆள்காட்டி விரலால் சுண்டினார். கணீர் என்று வரவில்லை. மரத்தைத் தட்டியது போல ஒரு சத்தம்.

“வேகலை தம்பி.”

“786 வரைக்கும் போச்சுங்கய்யா.”

“நம்பரை விடுங்க. சத்தம் வரலைல்ல.” மறுபடி உள்ளே பார்த்தார். “கறுப்பு நல்லா விழுந்திருக்கு. இதை யாரு சொல்லிக் கொடுத்தா?”

மச்சான், உமி, மணல் எல்லாவற்றையும் சொன்னேன். கிண்ணத்தைத் திருப்பித் தராமல் பக்கத்தில் இருந்த பானைமேல் வைத்துக்கொண்டார். அடுத்த சூளைக்கு முன்னால் நாலைந்து கிண்ணம் காயவைத்து எடுத்துவரச் சொன்னார். ஓரத்தில் இடம் தருவாராம். கவிழ்த்துப் புகை போடுவதை அவர் பட்டறையிலேயே வைத்துக்கொள்ளலாமாம், ஆனால் கொறடு அவர் கையில்தான்.

இப்போது வீட்டுத் திண்ணையில் ஆறு கிண்ணம் காய்ந்துகொண்டிருக்கிறது. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறேன். இன்றைக்கும் ஜில்லென்றுதான் இருந்தது.